துடுப்பைப் பார்த்து டால்பினைக் கண்டுபிடிக்கும் சாப்ட்வேர்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் பெரும்பாலானோர் செய்யும் முதல் வேலை, மொபைல் போனிலும் கேமராவிலும் உள்ள போட்டோக்களை அதில் கொட்டி வைப்பதுதான். ஆறு மாதம் கழித்து ஒரு குறிப்பிட்ட போட்டோவைத் தேடினால் கிடைப்பதில்லை. ஒரே போட்டோ நான்கு போல்டர்களில் இருக்கும். எது ஒரிஜினல், எது காப்பி என்று தெரியாது. போட்டோக்களை ஒழுங்காக வைத்துக்கொண்டால் வீட்டு கம்ப்யூட்டரில் என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதை ஒரு வித்தியாசமான உதாரணத்தின் மூலம் இங்கு பார்ப்போம். கடலில் நீந்தும் டால்பின்களை, "இது நேற்று பார்த்த அதே டால்பின், அது வேறு டால்பின்" என்று போட்டோவை வைத்தே தனித்தனியாகப் பிரித்துச் சொல்லும் சாப்ட்வேர்கள் உள்ளன. அவை எப்படி இயங்குகின்றன, அவற்றில் நான் எங்கே தவறு செய்தேன் என்பதைச் சொல்கிறேன். உங்களுக்கும் பயன்படும்.

எப்படி இதில் இறங்கினேன்?

நான் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர். 2024ஆம் ஆண்டு கோடையில் அலுவலக வேலையாக அமெரிக்காவின் ப்ளோரிடா மாநிலத்தில் டாம்பா நகரில் சில மாதங்கள் இருந்தேன். அருகில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரை ஒட்டி போர்ட் டி சோட்டோ என்ற கடற்கரைப் பூங்கா உள்ளது. அங்கே கடலுக்குள் நீளும் பாலத்தில் நின்றால் பாட்டில்நோஸ் வகை டால்பின்கள் மூச்சு விட மேலே வந்து போவதைப் பார்க்கலாம். தமிழில் ஓங்கில் என்று சொல்கிறோமே, அதே இனம்தான். ஊரிலிருந்து கொண்டு போன கேமராவில் ஜூலை 13 சனிக்கிழமை முழுவதும் படம் எடுத்தேன். இரவு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தபோது இருநூறுக்கும் மேற்பட்ட போட்டோக்கள் இருந்தன. எல்லாமே ஒரே மாதிரி சாம்பல் நிற முதுகுகள். எத்தனை டால்பின்களைப் பார்த்தேன்? ஆறா, அறுபதா? சொல்லத் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனபோதுதான், அதே வட்டாரம் இந்தத் துறைக்குப் பேர்போனது என்று தெரிந்தது. டாம்பாவுக்குத் தெற்கே உள்ள சரசோட்டா வளைகுடாவில் 1970 முதல் டால்பின்களை ஆராய்ந்து வருகிறார்கள். காட்டு டால்பின்களைப் பற்றி உலகில் மிக நீண்ட காலமாக நடந்துவரும் ஆய்வு இதுதான். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள எக்கர்ட் கல்லூரியில்தான் "டார்வின்" என்ற சாப்ட்வேர் உருவாக்கப்பட்டது. திமிங்கலப் படங்களை டிஜிட்டல் முறையில் ஆய்ந்து அடையாளம் காணுதல் என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். இதனை இலவசமாகவே வெளியிட்டார்கள்.

துடுப்பில் என்ன இருக்கிறது?

டால்பின் மேலே வரும்போது நம் கண்ணில் நன்றாகப் படுவது முதுகுத் துடுப்பு மட்டுமே. அதில் எலும்பு கிடையாது. நார் போன்ற உறுதியான திசுவால் ஆனது. அதன் பின் விளிம்பு மெல்லியதாக இருக்கும். மற்ற டால்பின்கள் கடிப்பதாலும், சுறா தாக்குவதாலும், தூண்டில் நரம்பு சுற்றிக்கொள்வதாலும், படகின் விசிறி வெட்டுவதாலும் அந்த விளிம்பில் சிறு சிறு வெட்டுகள் விழுகின்றன. காயம் ஆறிவிடும். ஆனால் போன சதை பழையபடி வளராது. எனவே அந்த வெட்டு பல ஆண்டுகளுக்கு அப்படியே நிற்கும். நம் கை ரேகை போல, ஒவ்வொரு டால்பினுக்கும் விளிம்பு ஒரு விதமாக இருக்கும்.

1977ஆம் ஆண்டில் பெர்ண்ட் வுர்சிக், மெலனி வுர்சிக் ஆகியோர் அர்ஜென்டினா கடற்கரையில் இவ்வாறு துடுப்புகளைப் போட்டோ எடுத்து, ஒரு கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கண்டறிந்ததை "சயின்ஸ்" இதழில் வெளியிட்டார்கள். அதன்பின் உலகின் பல பகுதிகளில் இந்த முறை பரவியது.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, தோலின் மேல் தெரியும் பல் கீறல்களை நம்பக்கூடாது. அவை நாளடைவில் மறைந்துவிடும். விளிம்பில் உள்ள வெட்டு மட்டுமே நீடிக்கும். இரண்டாவது, குட்டிகளின் துடுப்பு பெரும்பாலும் வெட்டு இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும். அவற்றை இந்த முறையில் பிரித்தறிவது கடினம். எந்தத் தாயுடன் நீந்துகிறது என்பதை வைத்துத்தான் குறித்துக்கொள்கிறார்கள்.

ஸ்கேலை வைத்தே அளக்கலாம்

சாப்ட்வேர் வருவதற்கு முன் ஆய்வாளர்கள் பயன்படுத்திய எளிய கணக்கு ஒன்று உண்டு. இதனைப் புரிந்துகொண்டால் சாப்ட்வேர் செய்வதும் எளிதில் புரியும்.

பின் விளிம்பில் பெரிதாகத் தெரியும் இரண்டு வெட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வெட்டுகளுக்கும் இடையே உள்ள தூரத்தை அளக்கவும். பிறகு கீழ் வெட்டிலிருந்து துடுப்பின் நுனி வரை உள்ள தூரத்தை அளக்கவும். முதல் எண்ணை இரண்டாவது எண்ணால் வகுக்கவும். அவ்வளவுதான்.

மானிட்டரில் போட்டோவைத் திறந்து, பள்ளிக்கூட பிளாஸ்டிக் ஸ்கேலை லேசாக வைத்தே அளக்கலாம். திரையை அழுத்திவிட வேண்டாம். ஒரு போட்டோவில் 12 மில்லிமீட்டர், 40 மில்லிமீட்டர் என்று வந்தால் விகிதம் 0.30. அதே டால்பின் இன்னும் கிட்டே வந்தபோது எடுத்த போட்டோவில் 18, 60 என்று வரும். விகிதம் அதே 0.30. போட்டோ பெரிதானாலும் சிறிதானாலும் விகிதம் மாறாது. வேறொரு துடுப்பில் 20, 50 என்று வந்தால் விகிதம் 0.40. அது வேறு டால்பின். டால்பின் சற்றுத் திரும்பியிருந்தால் துடுப்பின் அகலம் குறுகித் தெரியும். ஆனால் உயரம் அவ்வளவாக மாறாது. வெட்டுகள் மேலும் கீழுமாக இருப்பதால் ஓரளவு திரும்பியிருந்தாலும் விகிதம் கைகொடுக்கும்.

சாப்ட்வேர் எப்படி வேலை செய்கிறது?

ஸ்கேல் கணக்கில் மூன்று புள்ளிகள்தான். டார்வின் போன்ற சாப்ட்வேர் விளிம்பு முழுவதையும் நூற்றுக்கணக்கான புள்ளிகளாக எடுத்துக்கொள்கிறது. படிகள் இவைதான்.

1. போட்டோவைத் திறந்து, துடுப்பு மட்டும் தெரியும்படி தேவையற்ற பகுதியை வெட்டிவிட வேண்டும். எல்லாத் துடுப்புகளும் ஒரே பக்கம் பார்க்கும்படி, தேவையானால் படத்தை இடவலமாகத் திருப்ப வேண்டும். விளிம்பின் வெட்டு இரு பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும் என்பதால் இப்படித் திருப்புவதில் தவறில்லை.

2. முன் விளிம்பு தொடங்கும் இடத்திலும் பின் விளிம்பு முடியும் இடத்திலும் மவுஸால் குறித்தால், இடையில் உள்ள விளிம்பை சாப்ட்வேர் தானே கோடாக வரைந்து காட்டும். நுரை, அலை, வெயிலின் பளபளப்பு ஆகியவற்றால் கோடு தடம் மாறியிருந்தால், புள்ளிகளை மவுஸால் இழுத்துச் சரி செய்திடவும்.

3. துடுப்பின் நுனி, மிகப் பெரிய வெட்டு ஆகியவை எங்கே என்று சாப்ட்வேர் குறித்துக் காட்டும். தவறாக இருந்தால் மாற்றவும்.

4. இப்போது, ஏற்கெனவே சேமித்து வைத்த துடுப்புகளுடன் ஒப்பிடச் சொல்ல வேண்டும். புதிய கோட்டை நகர்த்தி, திருப்பி, பெரிதாக்கி, சிறிதாக்கி, பழைய கோட்டின் மேல் பொருத்திப் பார்க்கும். இரண்டு கோடுகளுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி மிஞ்சுகிறது என்று கணக்கிடும். இடைவெளி குறைந்த துடுப்பு பட்டியலில் முதலில் வரும். அதிகமானது கடைசியில் வரும்.

5. பட்டியலில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து, புதிய படத்துடன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது என்று நாம்தான் முடிவு செய்ய வேண்டும். எதுவும் பொருந்தாவிட்டால் புதிய டால்பின் என்று சேமிக்க வேண்டும்.

ஐந்தாவது படியை மீண்டும் ஒருமுறை படியுங்கள். "இதுதான் அந்த டால்பின்" என்று சாப்ட்வேர் சொல்வதில்லை. "இந்த வரிசையில் பார்த்தால் உங்களுக்கு வேலை குறையும்" என்று மட்டுமே சொல்கிறது. புத்தம் புதிய டால்பினைக் கொடுத்தாலும் பட்டியலில் யாராவது ஒருவர் முதலிடத்தில் இருக்கத்தான் செய்வார். வகுப்பில் எல்லோரும் பெயில் ஆனாலும் முதல் ரேங்க் ஒருவருக்குக் கிடைப்பது போலத்தான்.

அம்மா பிடித்த தவறு

இனி என் தவறுகளுக்கு வருகிறேன். போட்டோக்களை லேப்டாப்பில் ஏற்றும்போது, எடுத்த தேதி வாரியாகத் தனித்தனி போல்டரில் போகும்படி செட் செய்திருந்தேன். 13ஆம் தேதி என்று ஒரு போல்டரும் 14ஆம் தேதி என்று ஒரு போல்டரும் வந்தன. சனிக்கிழமை இரவு ஏற்றிய படங்களில் ஞாயிற்றுக்கிழமை எப்படி வந்தது என்று நான் யோசிக்கவில்லை. அடுத்த வாரம் நிதானமாக உட்கார்ந்தபோது, இரண்டு நாளும் போனதாகவே நினைத்துக்கொண்டேன். முதல் போல்டரில் 6 டால்பின்களைப் பிரித்தேன். இரண்டாவது போல்டரில் 5. அந்த ஐந்தும் முதல் போல்டரில் இருந்தவையே. இரண்டு நாளும் அதே கூட்டம் வருகிறது, பெரிய கண்டுபிடிப்பு என்று மகிழ்ந்து போனேன்.

அந்த வாரம் மயிலாடுதுறையில் இருக்கும் அம்மாவிடம் வீடியோ காலில் பேசும்போது என் திரையைக் காட்டினேன். அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. போட்டோவின் மேல் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் பார்ப்பது எப்படி என்று அவருக்குச் சொல்லித் தந்துகொண்டிருந்தேன். அதில் இருந்த நேரத்தை அம்மா சத்தமாகப் படித்தார். பிறகு கேட்டார். "ஏண்டா, ராத்திரி ரெண்டு மணிக்கு அங்கே இவ்வளவு வெயிலா அடிக்குது?"

கேமராவின் கடிகாரம் இந்திய நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது! கோடையில் ப்ளோரிடாவின் நேரம் நம் நேரத்தைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கும். அங்கே மாலை நாலரை மணிக்கு எடுத்த படத்தில், மறுநாள் அதிகாலை 2 மணி என்று பதிவாகியிருந்தது. பகல் இரண்டரை மணிக்குப் பிறகு எடுத்தவை எல்லாம் அடுத்த நாள் போல்டருக்குப் போய்விட்டன. நான் பார்த்தது ஒரே நாள், ஒரே கூட்டம். சாப்ட்வேரில் எந்தக் கோளாறும் இல்லை. தவறான தேதியை நான் கொடுத்தேன். அது சரியாகக் கணக்குப் போட்டு, தவறான விடையைத் தந்தது.

ஒரு தவறான கிளிக் என்ன செய்யும்?

ஒரு நாள் தவறினால் என்ன குடி முழுகிவிடும் என்று நீங்கள் கேட்கலாம். கடலில் உள்ள டால்பின்களை எல்லாம் யாராலும் எண்ண முடியாது. எனவே ஒரு கணக்கு போடுகிறார்கள். முதல் முறை போய் 20 டால்பின்களை அடையாளம் கண்டதாக வைத்துக்கொள்வோம். இரண்டாம் முறையும் 20. அவற்றில் 5 ஏற்கெனவே பார்த்தவை. அப்படியானால் மொத்தம் சுமார் 20ஐ 20ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் வரும் 80. ஆய்வாளர்கள் பிறப்பு, இறப்பு, இடம் பெயர்வது என்று பலவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். அடிப்படை இதுதான்.

இப்போது, பழைய டால்பின் ஒன்றைத் தவறவிட்டு, புதியது என்று கிளிக் செய்துவிட்டீர்கள். 5 என்பது 4 ஆகிறது. விடை 100. மாறாக, புதிய டால்பின் ஒன்றைப் பழையது என்று கிளிக் செய்துவிட்டீர்கள். 5 என்பது 6 ஆகிறது. விடை 67. ஒரே ஒரு கிளிக்கில் 20 டால்பின்கள் பிறக்கின்றன, அல்லது 13 டால்பின்கள் காணாமல் போகின்றன. என் இரண்டு போல்டர் கணக்கில் 6ஐ 5ஆல் பெருக்கி 5ஆல் வகுத்தால் விடை 6. அந்தக் கடலிலேயே ஆறு டால்பின்கள்தான் என்று ஆகிவிடும்!

இரண்டாவது தவறும் செய்தேன். ஜூலை 20 அன்று மீண்டும் போய் 4 டால்பின்களைத் தெளிவாகப் படம் எடுத்தேன். இரவு 11 மணி, தூக்கம் கண்ணைச் சுற்றியது. ஒரு துடுப்புக்கு முதலிடத்தில் வந்ததை, பெரிதாக்கிப் பார்க்காமலேயே சரி என்று கிளிக் செய்தேன். மேல் வெட்டு அச்சாக ஒத்திருந்தது. 3 பழையவை, மொத்தம் 8 என்று கணக்கு வந்தது. சில நாள் கழித்து இரண்டு கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். கீழ் வெட்டு வேறு இடத்தில் இருந்தது. அது புதிய டால்பின். பழையவை 2 மட்டுமே. 6ஐ 4ஆல் பெருக்கி 2ஆல் வகுத்தால் 12. நான் எடுத்தது விளையாட்டுக்கு. இவ்வளவு சிறிய எண்களை வைத்து யாரும் முடிவுக்கு வரமாட்டார்கள். ஆனால் உண்மையான ஆய்வில் இது விளையாட்டு அல்ல.

2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்க் கிணறு வெடித்துக் கடலெங்கும் எண்ணெய் பரவியது. 2011இல் லூசியானா மாநிலத்தின் பராடாரியா விரிகுடாவில் டால்பின்களைப் பரிசோதித்தபோது, கருவுற்றிருந்த 10 டால்பின்களைக் கண்டறிந்தார்கள். பிறகு அவற்றைப் போட்டோ மூலம் அடையாளம் கண்டு, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். குட்டியுடன் வருகிறதா, தனியாக வருகிறதா என்பதுதான் கேள்வி. 2015இல் வெளியான முடிவின்படி, பத்தில் 2 டால்பின்களுக்கு மட்டுமே குட்டி உயிருடன் நிலைத்தது. எண்ணெய் பாதிக்காத வேறொரு கூட்டத்தில் இது 83 சதவீதம். பத்துத் தாய்களில் ஒன்றின் அடையாளத்தைத் தவறாகக் குறித்திருந்தாலும் இந்த எண்ணிக்கை மாறியிருக்கக்கூடும். எனவேதான் ஆய்வாளர்கள், பொதுவாக ஒருவர் பொருத்தியதை இன்னொருவர் சரிபார்த்த பிறகே ஏற்றுக்கொள்கிறார்கள்.

இன்றைய நிலை

டார்வினில் கோடு வரைய மனிதன் வேண்டும். பின்னர் வந்த "பின்பைண்டர்" போன்ற சாப்ட்வேர்கள், போட்டோவில் துடுப்பு எங்கே இருக்கிறது என்பதைத் தாமே கண்டுபிடித்து, வெட்டி எடுத்து, விளிம்பையும் வரைந்துகொள்கின்றன. உங்கள் மொபைல் போன் முகங்களைப் பிரித்து வைக்கிறதே, அதுபோன்ற செயற்கை நுண்ணறிவுதான். 2022ஆம் ஆண்டில் "ஹேப்பிவேல்" அமைப்பின் போட்டோக்களைக் கொண்டு "கேகிள்" தளத்தில் ஒரு போட்டி நடந்தது. 30 இனங்களைச் சேர்ந்த 15,000க்கும் மேற்பட்ட தனித்தனி உயிரினங்களைக் கம்ப்யூட்டர் பிரித்தறிய வேண்டும் என்பதுதான் போட்டி. வேகம் எவ்வளவோ கூடிவிட்டது. ஆனாலும் பட்டியலைக் கொடுப்பது சாப்ட்வேர், முடிவெடுப்பது மனிதன் என்ற ஏற்பாடு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது.

உங்கள் போட்டோக்களுக்கும் இதே விதிகள்

1. படம் எடுக்கத் தொடங்கும் முன் கேமராவின் தேதியையும் நேரத்தையும் சரி பார்க்கவும். முதல் படமாக உங்கள் மொபைல் போனில் தெரியும் நேரத்தை எடுத்துவிடுங்கள். பிறகு கடிகாரம் தவறு என்று தெரிந்தாலும், எவ்வளவு வித்தியாசம் என்று கணக்கிடலாம்.

2. ஒரிஜினல் போட்டோக்களைத் தனி போல்டரில் வைத்து, அதைத் தொடாதீர்கள். வெட்டுவது, திருப்புவது, வெளிச்சம் கூட்டுவது எல்லாம் காப்பியில் மட்டும். ஒரிஜினலின் இன்னொரு காப்பி வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் இருக்கட்டும்.

3. பைலுக்குப் பெயர் வைக்கும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வைக்கவும். நான் 20240713-2-041 என்று வைத்தேன். நடுவில் உள்ள 1 என்பது இடது பக்கம், 2 என்பது வலது பக்கம், கடைசியில் வரிசை எண். இப்படி வைத்தால் பைல்கள் தாமாகவே தேதி வாரியாக அடுக்கி நிற்கும்.

4. மங்கலான படத்தை வைத்து முடிவு எடுக்காதீர்கள். "அதுவாகத்தான் இருக்கும்" என்று தோன்றினால் அதை ஒதுக்கி வைக்கவும். தெரியவில்லை என்று ஒரு போல்டர் வைத்துக்கொள்வதில் வெட்கம் இல்லை.

5. தூக்கக் கலக்கத்தில் ஓகே பட்டனை அழுத்தாதீர்கள்.

வீட்டிலேயே ஒரு பயிற்சி

கடலுக்குப் போகாமலேயே இதனைச் செய்து பார்க்கலாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை எடுத்து, ஐந்து துடுப்புகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றின் பின் விளிம்பிலும் கத்தரிக்கோலால் வெவ்வேறு இடத்தில் இரண்டு வெட்டுகள் போடுங்கள். அட்டையின் பின்பக்கம் எண் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் கிட்டே இருந்து ஒரு படம், தள்ளி நின்று ஒரு படம், சற்றுத் திருப்பி வைத்து ஒரு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றவும். வீட்டில் வேறு யாரையாவது பைல் பெயர்களை மாற்றிக் கலக்கிவிடச் சொல்லுங்கள். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று அவர்கள் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளட்டும். பிறகு ஸ்கேலை வைத்து அளந்து, எக்ஸெல்லில் மூன்று காலங்களில் இரண்டு அளவுகளையும் விகிதத்தையும் எழுதி, ஒரே துடுப்பின் மூன்று படங்களையும் சேர்க்க முடிகிறதா என்று பாருங்கள்.

நான் ஊருக்குத் திரும்பிய பிறகு அம்மாவுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்தேன். பதினைந்து படங்களில் பதின்மூன்றைச் சரியாகச் சேர்த்தார். மீதி இரண்டும் நான் மிக அதிகமாகத் திருப்பி வைத்து எடுத்தவை. அவற்றை எங்கேயும் சேர்க்காமல் "தெரியவில்லை" போல்டரில் போட்டிருந்தார். அதுதான் சரியான விடை.